பொருளியலா, சமூகவியலா? சமூக அறிவியல் இளங்கலைப் பட்டம் பற்றி நெல்லை மாணவிக்கு ஒரு விரிவான பதில்

பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது: "திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் இடையில் ஒரு கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் வணிகவியல் பிரிவில் தமிழ் வழியில் படித்தேன். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா வேன் ஓட்டுகிறார். சமூக அறிவியல் படிக்க விரும்புகிறேன். ஆனால் பி.ஏ. படித்து என்ன ஆகப்போகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பொருளியலில் சேருவதா, சமூகவியலில் சேருவதா? சேர்ந்தால் மூன்று ஆண்டுகள் எப்படிப் படிக்க வேண்டும்?"

அரசுக் கலைக் கல்லூரிகளில் நீண்ட காலம் சமூகவியல் கற்பித்தவன் என்ற முறையில், உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எப்படிப் படிப்பது என்பது தெளிவானால்தான் எதைப் படிப்பது, படித்தபின் எங்கே செல்வது என்ற இரண்டுக்கும் பொருளுள்ள பதில் கிடைக்கும்.

கங்கைகொண்டான் என்ற ஊரைச் சிப்காட் தொழிற்பேட்டையால் நீங்கள் அறிந்திருப்பீர்கள். இந்தியச் சமூக அறிவியலின் வரலாற்றிலும் அவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. 1915-இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் இங்கிலாந்திலிருந்து வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இந்திய மக்களில் மிகப் பெரும்பாலோர் கிராமங்களில் வாழும்போது, அந்தக் கிராமங்களைப் பற்றி எதுவும் அறியாமல் இங்கே பொருளியல் கற்பது பொருளற்றது என்று அவர் கருதினார். எனவே ஒரு வினாநிரலைத் தயாரித்து, விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் மாணவர்களிடம் கொடுத்தார். நிலம் யார் கையில் இருக்கிறது, என்ன விளைகிறது, கூலி எவ்வளவு, கூலி பணமாகக் கிடைக்கிறதா தானியமாகக் கிடைக்கிறதா, கடன் யாரிடம், என்ன வட்டிக்கு என்பன போன்ற செய்திகளை மாணவர்கள் தங்கள் ஊராரிடமே கேட்டு எழுதி வந்தார்கள். அவ்வாறு கிடைத்த விவரங்களைக் கொண்டு 1918-இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூல் ஒன்றை அவர் வெளியிட்டார். நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான், இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வடமலாபுரம், தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, வடஆற்காட்டின் தூசி, தென்னாற்காட்டின் இருவேல்பட்டு ஆகியவை அந்த நூலில் இடம்பெற்ற தமிழ்நாட்டு ஊர்கள். பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936–37-இல் அந்த ஊர்களை மறு ஆய்வு செய்தார்கள். பின்னர் 1960-களிலும் 1980-களிலும் வேறு ஆய்வாளர்கள் அங்கே சென்றார்கள். இருவேல்பட்டைப் பொறுத்தவரை அந்தத் தொடர் 2008 வரை நீண்டது. ஒரே ஊரின் நிலம், கூலி, சாதி உறவுகள் எப்படி மாறின என்பதை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பின்தொடர்ந்து பார்க்கக்கூடிய சான்று உலகில் மிகச் சில ஊர்களுக்கே உண்டு. அதைத் தொடங்கி வைத்தவை, விடுமுறைக்கு ஊருக்குப் போன கல்லூரி மாணவர்கள் எழுதிக் கொண்டுவந்த குறிப்புகள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இயற்பியல் மாணவருக்கு ஆய்வுக்கூடம் கல்லூரியில் இருக்கிறது. சமூக அறிவியல் மாணவருக்கு அது அவர் வாழும் தெருவிலேயே இருக்கிறது. ஆனால் இன்று நம் கல்லூரிகளில் நடப்பது பெரும்பாலும் வேறு. ஆசிரியர் நோட்ஸ் சொல்கிறார், மாணவர் எழுதிக்கொள்கிறார், பருவத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் கைடு வாங்கி மனப்பாடம் செய்கிறார், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார். "சமூக அறிவியல் எளிதான பாடம்" என்ற பெயர் இப்படிப் படிப்பதால் வந்தது. சரியாகப் படித்தால் அது மிகவும் கடினமான பாடம். ஏனெனில், நாம் ஏற்கெனவே நன்கு அறிந்ததாக நினைக்கும் ஒன்றை, அறியாதவரைப் போல நின்று மீண்டும் கேட்டுப் பார்க்கும் பயிற்சி அதற்குத் தேவைப்படுகிறது.

உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா பீடி சுற்றுகிறார் என்று மூன்றே சொற்களில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். அந்த மூன்று சொற்களுக்குள் நீங்கள் படிக்கவிருக்கும் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இலையையும் தூளையும் வாங்கி வந்து வீட்டில் சுற்றி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் இந்த வேலை ஏன் தொழிற்சாலைக்குள் நடக்காமல் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது? இடம், மின்சாரம், மேற்பார்வை ஆகியவற்றின் செலவு யார் தலையில் விழுகிறது? இலை குறைந்தால், பீடி கழிக்கப்பட்டால், அந்த இழப்பை யார் ஏற்கிறார்? இவை பொருளியலின் கேள்விகள். ஏன் இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள், சுற்றத் தெரிந்த பெண் என்பது திருமணப் பேச்சில் எப்படிப் பார்க்கப்படுகிறது, வருமானம் ஈட்டுவதால் வீட்டில் அவர் சொல்லுக்கு மதிப்புக் கூடுகிறதா என்பவை சமூகவியலின் கேள்விகள். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்றே 1966-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளியாக அது ஏற்றுக்கொண்டது. அந்த உரிமை உங்கள் தெருவுக்கு எந்த அளவில் வந்து சேர்ந்தது என்பது அரசியல் அறிவியலின் கேள்வி. பீடி வருவதற்கு முன் இதே தெருவின் பெண்கள் என்ன வேலை செய்தார்கள் என்று உங்கள் ஆச்சியிடம் கேட்டால், நீங்கள் வரலாற்றுக்குள் நுழைந்துவிடுவீர்கள்.

கேள்வி கேட்பது பாதி வேலை. பதிலைச் சான்றோடு சரிபார்ப்பது மறுபாதி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80.09 விழுக்காடு என்கிறது. இந்த எண்ணை மனப்பாடம் செய்பவர்கள் பலர். கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றவர் என்பவர் யார் என்று கேட்பவர்கள் சிலரே. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள, ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்த எவரும் எழுத்தறிவு பெற்றவரே. பள்ளி சென்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதுபோலவே, ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைப் பணியாளர் என்றும், அதற்குக் குறைவாகச் செய்தவர் குறுகிய காலப் பணியாளர் என்றும் அந்தக் கணக்கெடுப்பு பிரித்தது. கணக்கெடுப்பாளர் உங்கள் வாசலுக்கு வந்து, "அம்மா என்ன செய்கிறார்?" என்று கேட்டபோது வீட்டிலிருந்தவர் "வீட்டில்தான் இருக்கிறார்" என்று சொல்லியிருந்தால், நாள் முழுவதும் பீடி சுற்றிய ஒருவர் பணியாளர் பட்டியலிலேயே இல்லாமல் போயிருப்பார். ஒரு புள்ளிவிவரத்தைக் கண்டவுடன், இதில் யார் எண்ணப்பட்டார், யார் விடுபட்டார், எந்த வரையறையின்படி என்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு முதல் ஆண்டிலேயே வந்துவிட்டால், பட்டத்தின் மதிப்பில் பெரும்பங்கை நீங்கள் பெற்றுவிட்டீர்கள் என்பேன்.

இந்திய அரசு முதன்முறையாக 2019-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அது காட்டியது. வீட்டில் பெண்தான் அதிக வேலை செய்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதற்கு ஒரு கணக்கெடுப்பா என்று தோன்றலாம். எல்லோருக்கும் தெரிந்தது என்பதாலேயே கொள்கை வகுப்பவர் மேசையில் அது எண்ணாக ஏறாமல் இருந்தது. தெரிந்த ஒன்றை அளந்து காட்டியபிறகுதான் அதைப் பற்றி வாதிட முடிகிறது.

கோட்பாடுகளையும் இந்த வழியிலேயே அணுகுங்கள். சமூகவியல் பாடத்தில் எம். என். ஸ்ரீனிவாஸின் "ஆதிக்கச் சாதி" என்ற கருத்தாக்கம் நிச்சயம் வரும். மைசூர்ப் பகுதியில் தாம் ராம்புரா என்று பெயரிட்ட ஒரு கிராமத்தில் 1948-இல் அவர் தங்கிச் செய்த களப்பணியிலிருந்து உருவானது அது. ஓர் ஊரில் எண்ணிக்கை வலிமை, நிலவுடைமை, அரசியல் செல்வாக்கு, சாதிப் படிநிலையில் மிகத் தாழாத இடம், பின்னர் நவீனக் கல்வியும் வேலைகளும் ஆகியவை எந்தச் சாதியிடம் சேர்கின்றனவோ அது ஆதிக்கச் சாதி என்று ஐந்து மதிப்பெண் விடையாக இதை எழுதிவிடலாம். ஆனால் உங்கள் ஊராட்சியை மனத்தில் வைத்து ஒவ்வொரு நிபந்தனையாகச் சோதித்துப் பாருங்கள். எண்ணிக்கையில் கூடிய சாதியிடம் நிலம் இருக்கிறதா? நிலம் இருப்பவரிடம் ஊராட்சித் தலைவர் பதவி இருக்கிறதா? தலைவர் பதவி ஒதுக்கீட்டில் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு வந்தபோது உண்மையில் முடிவெடுப்பவர் யார்? சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961–62-இல், தாம் ஸ்ரீபுரம் என்று பெயரிட்ட தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் ஒரே கையில் ஒன்றாகக் குவிந்திருந்தன என்றும், வயதுவந்தோர் வாக்குரிமைக்குப் பின் அதிகாரம் தனியே பிரிந்து நகரத் தொடங்கியது என்றும் அவர் காட்டினார். அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று அவர் நடந்த மூன்று வகைத் தெருக்களைப் போல உங்கள் ஊரின் தெருக்களை ஒருமுறை வரைபடமாக வரைந்து, குடிநீர்க் குழாய், ரேஷன் கடை, நூலகம், பேருந்து நிறுத்தம் ஆகியவை எந்தத் தெருவுக்கு அருகில் இருக்கின்றன என்று குறித்துப் பாருங்கள். அந்த வரைபடம் கற்றுத்தருவதை எந்தக் கைடும் கற்றுத்தராது.

ஆகவே நான் வற்புறுத்திச் சொல்லும் ஒரே யோசனை, ஆண்டுக்கு ஒரு சிறு கள ஆய்வைப் பாடத்திட்டம் கேட்காவிட்டாலும் நீங்களாகவே செய்யுங்கள் என்பதுதான். முதல் ஆண்டில் பத்து வீடுகள் போதும். ஒரே ஒரு கேள்வியை மையமாக வையுங்கள். இரண்டாம் ஆண்டில் அதே கேள்வியை முப்பது வீடுகளுக்கு விரித்து, தேசியக் குடும்ப நல ஆய்வின் மாவட்டத் தரவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். மூன்றாம் ஆண்டில் பல கல்லூரிகளில் ஆய்வுத் திட்டக் கட்டுரை உண்டு. பெரும்பாலோர் அதைக் கடைசி மாதத்தில் கணினி மையத்தில் பழைய கட்டுரையைப் பார்த்து அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். உங்களிடம் இரண்டு ஆண்டுக் குறிப்புகள் இருக்கும். நீங்கள் உண்மையாகவே எழுதலாம்.

களத்தில் ஓர் ஒழுங்கு மிக முக்கியம். என்ன நோக்கத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே கேளுங்கள். பதில் சொல்ல மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது. கட்டுரையில் பெயர்களை மாற்றிவிடுங்கள். ராம்புராவும் பெத்தேயின் ஸ்ரீபுரமும் மாற்றுப் பெயர்களே. சொந்த ஊரில் ஆய்வு செய்பவருக்கு இந்தப் பொறுப்பு இரட்டிப்பாகிறது. கடன், சண்டை, காதல் திருமணம் பற்றி ஒருவர் உங்களை நம்பிச் சொன்னது அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்தால், நீங்கள் இழப்பது மதிப்பெண்ணை அல்ல, ஓர் உறவை.

பாடத்திட்ட அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பி.ஏ. ஆறு பருவங்கள் கொண்டது. பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடங்களும் துணைப் பாடங்களும், அதற்கு மேல் சுற்றுச்சூழல் கல்வி போன்றவை இருக்கும். பொதுவாக அக மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 மதிப்பெண்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தப் பங்கீடு மாறும். முதல் பருவத்தில் ஆங்கிலத்திலோ புள்ளியியலிலோ அரியர் விழுந்தால் அதை அடுத்த பருவத்திலேயே முடித்துவிடுங்கள். சேர விடுவதுதான் நல்ல மாணவர்களையும் முடக்கிப்போடுகிறது.

இனி, பொருளியலா சமூகவியலா என்பது. இதை ஆர்வத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கணிதத்தோடு உங்களுக்கு உள்ள உறவையும் வைத்து முடிவு செய்யுங்கள். பிளஸ் டூ பொருளியல் பாடநூல் பெரும்பாலும் விளக்க உரைநடையில் இருப்பதால், கல்லூரிப் பொருளியலும் அப்படியே இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இளங்கலையில் ஓரளவு அப்படிச் சமாளித்தும்விடலாம். ஆனால் டெல்லிப் பொருளியல் பள்ளி, இந்தியப் புள்ளியியல் கழகம் போன்ற இடங்களில் முதுகலைக்குச் செல்ல விரும்பினால் நுண்கணிதமும் புள்ளியியலும் இல்லாமல் நுழைவுத் தேர்வைத் தாண்ட முடியாது. நீங்கள் வணிகக் கணிதம் எடுத்துப் படித்திருந்து அது பிடித்தும் இருந்தால், பொருளியலில் சேர்ந்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் பாடநூல்களின் வகையீடு, தொகையீடு, நிகழ்தகவுப் பாடங்களை முதல் ஆண்டுக்குள் தனியாகப் படித்துவிடுங்கள். கணினிப் பயன்பாடு எடுத்திருந்து, கணக்கைக் கண்டால் மனம் பின்வாங்குகிறது என்றால் சமூகவியல் உங்களுக்கு ஏற்றது. அதிலும் அடிப்படைப் புள்ளியியல் உண்டு, அதிலிருந்து ஒதுங்க நினைக்காதீர்கள். உங்கள் ஊருக்கு அருகில் சமூகவியல் உள்ள கல்லூரி இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம். வரலாறோ பொருளியலோ எடுத்துப் படித்துவிட்டு முதுகலையில் சமூகவியலுக்கு வருபவர்கள் ஏராளம். இளங்கலை அளவில் இந்தத் துறைகளுக்கு இடையிலுள்ள சுவர் உயரம் குறைந்தது.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தமிழ் வழியில் படித்த மாணவர்கள் மனத்துக்குள் வைத்துப் புழுங்குவது அதுதான். தமிழில் சிந்திப்பதையும் எழுதுவதையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த பத்து வரிகளைவிடத் தமிழில் நீங்களே புரிந்து எழுதிய இரண்டு வரிகள் மேலானவை. அதே சமயம் ஆய்வு நூல்களிலும் தரவு அறிக்கைகளிலும் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதால், நாளொன்றுக்கு இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஐந்து வரியில் எழுதும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஒரு பருவம் கடினமாக இருக்கும், மூன்றாம் பருவத்தில் அந்தப் பளு குறைந்திருக்கும். இன்னொரு செய்தியும் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணி நியமனங்களில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பள்ளி முதல் அந்தப் பணிக்குரிய தகுதிக் கல்வி வரை அனைத்தையும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நீங்கள் இதுவரை அந்தத் தகுதியோடு இருக்கிறீர்கள். ஆங்கில வழி வகுப்பில் சேர்ந்தால், பட்டம் தேவைப்படும் பணிகளில் அதை இழப்பீர்கள். இதை எடைபோட்டுப் பார்த்து, தெரிந்தே முடிவு செய்யுங்கள்.

சொந்தக்காரர்களின் கேள்விக்கு வருவோம். அதில் கேலி இருந்தாலும் நியாயமும் இருக்கிறது. மூன்று ஆண்டு உழைப்பும் குடும்பத்தின் பணமும் சம்பந்தப்பட்டது அது. பி.ஏ. பட்டம் கையில் வந்தவுடன் ஒரு குறிப்பிட்ட வேலை தானாகக் காத்திருக்கும் என்று நான் சொன்னால் அது பொய். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி ஒன்று, இரண்டு தேர்வுகள், வங்கித் தேர்வுகள், குடிமைப் பணித் தேர்வு ஆகியவை எந்தப் பட்டதாரிக்கும் பொதுவாகத் திறந்திருப்பவை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடத்துக்கு 500 மதிப்பெண்கள் உண்டு. சமூகவியலோ அரசியல் அறிவியலோ வரலாறோ ஊன்றிப் படித்தவருக்கு அங்கேயும் பொதுத் தாள்களிலும் அடித்தளம் இருக்கும். விடைகளைத் தமிழிலும் எழுதலாம். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு இளங்கலை போதாது, பொருளியலில் முதுகலை வேண்டும். பள்ளி ஆசிரியராவதே குறிக்கோள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: வரலாறு, புவியியல் பட்டதாரிகள் இளங்கலை முடித்தவுடன் பி.எட். சேரலாம், பொருளியல், சமூகவியல், அரசியல் அறிவியல் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு விதிகள் முதுகலையை எதிர்பார்க்கின்றன. சேரும் ஆண்டின் கையேட்டில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சமூகப் பணியில் முதுகலை, மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, இதழியல் ஆகியவையும் இயல்பான வழிகள். ஆய்வில் மனம் சென்றால் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுத வேண்டும். ஹைதராபாத், திருவாரூர், டெல்லி ஆகிய இடங்களுக்கு அதுவே வாசல். முனைவர் பட்டம் வரை போவீர்களானால், பொருளியலாளர் மால்கம் ஆதிசேசையா 1971-இல் சென்னை அடையாறில் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் உங்களுக்குரிய இடங்களில் ஒன்று. இருவேல்பட்டின் மறு ஆய்வுகளில் அதற்கும் பங்குண்டு.

இந்த வழிகள் எல்லாவற்றிலும் தேர்வாளரும் வேலை தருபவரும் தேடுவது, ஒரு சிக்கலைக் கேட்டறிந்து, சான்று திரட்டி, தெளிவாக எழுதத் தெரிந்தவரை. மேலே சொன்ன கள ஆய்வுக் குறிப்பேடுகள் மூன்றும் உங்களிடம் இருந்தால், நேர்காணலில் பேச உங்களுக்குச் சொந்தமான செய்தி இருக்கும்.

வகுப்பு தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் இணையவழியில்தான். கடைசித் தேதிவரை காத்திருக்க வேண்டாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கு உண்டு. அதற்கு உங்கள் பெயரில் வங்கிக் கணக்கும் ஆதார் இணைப்பும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அம்மா முதன்முதலில் பீடி சுற்றத் தொடங்கிய வயது என்ன, அப்போது ஆயிரத்துக்குக் கூலி எவ்வளவு, இப்போது எவ்வளவு, அன்று அந்தக் கூலியில் எத்தனை படி அரிசி வாங்க முடிந்தது, இன்று எத்தனை என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதி வையுங்கள். வகுப்பில் உண்மைக் கூலி, அதாவது கூலிப் பணத்தால் எவ்வளவு பொருள் வாங்க முடியும் என்ற கணக்கு, பாடமாக வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.